ஆய்வகத்தில் அருள்

மேசைமீது ஒரு தவளை. அதன் மூளையையும் தண்டுவடத்தையும் ஊசியால் சிதைத்து, கெண்டைக்கால் தசையைப் பிரித்தெடுத்து, மின்தூண்டல் அளிப்பர். தசை சுருங்கும்போது, கரிபூசிய தாள் சுற்றிய உருளையில் ஒரு கோடு எழும். மருத்துவ மாணவர்கள் பல தலைமுறைகளாக உடலியங்கியலை இவ்வாறே கற்றனர். முயலின் கண்ணில் மருந்தைச் சொட்டி, பாவை விரிவதைக் கண்டனர். ஆண்டுதோறும் அதே கோடு; அதே விடை. விடை முன்பே தெரிந்த வினாவுக்காக ஓர் உயிரை வருத்துவது முறையாகுமா?

இவ்வினாவைச் சட்டத்தின் கவனத்திற்குக் கொண்டுசென்றவர்களுள் முதன்மையானவர், சென்னை அடையாற்றில் கலாசேத்திராவை நிறுவிய ருக்மிணிதேவி அருண்டேல். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், விலங்குவதையைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே அத்தகைய சட்டத்தை இயற்றும் எனப் பிரதமர் நேரு உறுதியளித்ததால் அதனைத் திரும்பப் பெற்றார். 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. நூல்கள், மாதிரிகள், திரைப்படங்கள் போன்றவை கற்பித்தலுக்குப் போதுமானவையாயின், மருத்துவக் கல்லூரிகளில் விலங்குச் சோதனைகள் தவிர்க்கப்பட வேண்டும் என்பதனை அதன் 17ஆம் பிரிவு வலியுறுத்துகிறது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவராகவும் ருக்மிணிதேவியே பொறுப்பேற்றார்.

சட்டம் சொன்னது வகுப்பறையை எட்ட அரை நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. இதற்கிடையே, சென்னையின் புளூ கிராஸ் அமைப்பு, தவளையைக் கணினித் திரையிலேயே அறுத்துக் கற்பதற்குக் 'கம்ப்யூ ஃபிராக்' என்னும் மென்பொருளை வழங்கியது. இளநிலை மருத்துவப் படிப்பில் உடலியங்கியலையும் மருந்தியலையும் கணினிவழிப் பாடங்களால் கற்பிக்க வேண்டும் என இந்திய மருத்துவக் கவுன்சில் 2014இல்தான் விதித்தது. ஆயினும் அறுவைத்திறன் பயிற்சிகளில் உயிருள்ள விலங்குகளைப் பயன்படுத்தும் வழக்கம் உலகில் முற்றும் மறையவில்லை. அதுவும் முடிவுக்கு வர வேண்டும்.

"உயிருள்ள உடலில் பழகாத கை, நோயாளியின் உடலில் தடுமாறாதா?" எனச் சிலர் வினவுவர். புறந்தள்ளத்தக்க வினாவன்று இது. பொம்மையில் உயிர்த்துடிப்பு இல்லை என்பது உண்மையே. ஆனால், விலங்கின் உடலமைப்பும் மனிதனின் உடலமைப்பும் ஒன்றல்ல. மேலும், மாதிரியில் பிழை நேர்ந்தால் திருத்தி, கை பழகும்வரை மீண்டும் மீண்டும் செய்யலாம். நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் லேர்டால் 1960இல் உருவாக்கிய மனிதப் பொம்மையைக் கொண்டே, நின்றுபோகும் இதயத்தையும் மூச்சையும் மீட்கும் முறையை உலகெங்கும் எண்ணற்றோர் கற்றனர். எஞ்சியதை, மூத்த மருத்துவரின் அருகில் நின்று அறுவையரங்கில் படிப்படியாகக் கற்கலாம். புதிய மருந்தை ஆராய விலங்குகள் தேவையா என்பது தனி விவாதம். அங்கே விடை இனிமேல்தான் அறியப்பட வேண்டும். பயிற்சியில் அந்த நியாயமும் இல்லை.

திருவள்ளுவர் மயிலாப்பூரில் பிறந்தார் என்பது மரபு. மருந்துக்கு ஓர் அதிகாரம் வகுத்த அவரே கொல்லாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். நோய் தீர்க்கும் அறிவும் பிற உயிர்க்கு இரங்கும் நெஞ்சும் ஒருவரிடமே அமைய வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை மருத்துவராவீர்கள். வாய்பேச இயலா உயிரின் துடிப்பைப் பொருட்படுத்தாதிருக்கப் பழகிய மனம், நோயாளியின் முனகலுக்கு எவ்வாறு செவிசாய்க்கும்? வலியை உணர்வதே மருத்துவத்தின் முதற்பாடம். அப்பாடத்தை வலியை விளைவித்துக் கற்க வேண்டுவதில்லை.