பதினைந்து சென்ட் நிலம்

செஞ்சிக்கோட்டையைப் பார்க்க வருகிற நண்பர்களிடம் நான் தவறாமல் ஒரு கதை சொல்வது வழக்கம். 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதித் தேசிங்குராஜன் மாண்டதையும், அவனுடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறியதையும், அந்த ராணியின் பெயரால்தான் ராணிப்பேட்டை என்ற ஊரே உண்டாயிற்று என்று பெரியவர்கள் சொல்வதையும் உருக்கமாக எடுத்துரைப்பேன். கேட்பவர்கள் கண் கலங்குவார்கள். சொல்லும் எனக்கும் தொண்டை அடைக்கும்.

சென்ற முறை சென்னையிலிருந்து ஒரு நண்பர் குடும்பத்தோடு வந்திருந்தார். ராஜகிரியின் நிழலில் உட்கார்ந்து இதே கதையை அவிழ்த்து விட்டேன். கல்லூரியில் படிக்கும் அவருடைய பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ராணி உயிரோடு இருந்தபோது என்ன செய்தாள், மாமா?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் எப்படிச் செத்தாள் என்பது மட்டுந்தான் எனக்குத் தெரியும்.

நண்பர் சிரித்தார். "இப்படித்தான் சார், எதற்கெடுத்தாலும் கேள்வி. பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் வேறு சேர்ந்திருக்கிறாள். மண்டலப் போட்டியாம், அதில் முன்னணியில் வந்தால் அகில இந்தியப் போட்டியாம். ஒரு வாரம் வெளி மாநிலத்தில் தங்க வேண்டுமாம். நீங்களாவது புத்தி சொல்லுங்கள். பெண் பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா?"

தேவைதான் என்று சொன்னேன். அங்கே ஒரு வார்த்தையில் சொன்னதை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நண்பர் ஒருவருடைய கேள்வி அல்ல அது. நம்மில் பத்துப் பேரில் எட்டுப் பேருடைய கேள்வி.

கூடைப்பந்தை 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் உண்டாக்கினார். அடுத்த ஆண்டே சென்டா பெரென்சன் என்ற ஆசிரியை அதை ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டார். ஆகவே, ஆண்கள் ஆட்டத்தைப் பெண்கள் பின்னாளில் காப்பியடித்தார்கள் என்று சொல்ல வழியில்லை. ஆட்டத்துக்கு வயது ஒன்று நிரம்பும் முன்பே பெண்கள் கையில் பந்து இருந்தது.

ஆனால், பந்தைக் கொடுத்த கையோடு கோட்டையும் கிழித்தார்கள். அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் பெண்ணின் உடம்பு தாங்காது என்று கவலைப்பட்டார்கள். ஆகவே பெண்களுக்கான ஆடுகளத்தை மூன்று கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறில் நிற்பவள் அடுத்த கூறில் கால் வைக்கக் கூடாது. எதிரியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. மூன்று வினாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கவும் கூடாது. 1896-ல் ஸ்டான்ஃபோர்ட் பெண்களும் பெர்க்லி பெண்களும் மோதியபோது ஆண்களுக்கு உள்ளே அனுமதியில்லை. கல்லூரிக்கும் கல்லூரிக்கும் நடந்த பெண்கள் பந்தயத்தில் அதுதான் முதலாவது என்கிறார்கள். ஸ்டான்ஃபோர்ட் 2-1 என்று வென்றது.

அந்தக் கோடுகள் அழிய எத்தனை காலம் பிடித்தது தெரியுமா? ஐந்து பெண்கள் முழுக் களத்திலும் ஓடி ஆடும் விதி அமெரிக்கக் கல்லூரிகளில் நிலைபெற்றது 1971-ல். ஒலிம்பிக்கில் ஆண்கள் கூடைப்பந்து 1936-ல் வந்தது, பெண்களுடையது 1976-ல். நடுவே ஓடிய நாற்பது ஆண்டுகளில் எந்தப் பெண்ணின் உடம்பும் மாறிவிடவில்லை. மாறியது பார்ப்பவர்களின் மூளை.

"நம் ஊர்ப் பேச்சுக்கு அமெரிக்கா எதற்கு?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. "பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்? கூட்டம் வராத பந்தயத்துக்குச் செலவு செய்வானேன்?" என்பதுதான் இன்றைய கெட்டிக்காரர்களின் கடைசி வாதம். அங்கேயும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கல்லூரி ஆண்களுக்கான பெரிய தேசியப் போட்டி 1939 முதல் நடந்து வந்தது. அதே சங்கம் பெண்களுக்கு நடத்தத் தொடங்கியது 1982-ல். 2021-ல்கூட ஆண்களுக்கு ஒரு மண்டபம் நிறைய உடற்பயிற்சிக் கருவிகளை வைத்துவிட்டு, பெண்களுக்கு ஒரே ஓர் அடுக்கில் சில இரும்புக் குண்டுகளை வைத்தார்கள். ஆட்டக்காரி ஒருத்தி அதைப் படம் பிடித்து உலகுக்குக் காட்டினாள். மானம் போன பிறகு கருவிகள் வந்தன. 2024-ல் நடந்தது என்ன? பெண்களின் இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 90 லட்சம் பேர். ஆண்களின் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 1 கோடியே 50 லட்சத்துக்கும் குறைவு. கூட்டம் வரவில்லை என்றவர்கள் அத்தனை காலமும் கதவைச் சாத்தி வைத்திருந்தவர்கள்தாம்.

நம் நாட்டுக்கு வருவோம். ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். நூறாண்டுக்கு மேலாயிற்று. சென்னைப் பெண் அனிதா பால்துரை பல ஆண்டுகள் இந்திய அணிக்கு ஆடினார், தலைமையும் தாங்கினார். 2017-ல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவை இந்தியப் பெண்கள் வென்றார்கள். 2021-ல் அனிதாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் கொண்டு போகிறவன் பெயர் தெரியும்.

சென்னையில் இருந்தால் களமாவது கிடைக்கும். எங்கள் பக்கம் அதுவும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கல்லூரியின் விளையாட்டு விழாவுக்கு என்னைத் தலைமை தாங்க அழைத்தார்கள். கல்லூரியின் பெயர் வேண்டாம். என்னை இறக்கிவிட்ட கார் போய் நின்ற இடம் கூடைப்பந்துக் களம். ஒரு கம்பத்தில் வளையம் இருந்தது. மறு கம்பத்தில் ஷாமியானாக் கயிறு கட்டியிருந்தது. அறுவடைக் காலத்தில் அங்கே மல்லாட்டை காயப்போடுவார்கள் என்று காவல்காரர் சொன்னார்.

அந்தக் களத்தில் பழகிய பெண் ஒருத்தி, வல்லத்தைச் சேர்ந்தவள், பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகியிருந்தாள். ஒற்றை வளையத்தில் பழகித் தேர்வானவள்! கல்லூரி, துணைக்குப் போக ஆசிரியை இல்லை என்றது. தகப்பனார், ஏழு நாள் வெளியூரில் தங்கிய பெண்ணை எவன் கட்டுவான் என்றார். நான் மேடையில் பாரதியார் கண்ட புதுமைப் பெண்ணைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, மாலையும் சால்வையுமாக வீடு திரும்பினேன். அவள் அந்தப் போட்டிக்குப் போகவில்லை. அந்தத் தகப்பனாரிடம் போய் ஒரு வார்த்தை பேசவேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் குற்றத்தில் எழுத்தாளனுக்கும் பங்கு உண்டு. நாங்கள் படைத்த கதாநாயகிகள் வீணை வாசிப்பார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். கடைசி அத்தியாயத்தில் இருமிக்கொண்டே தியாகம் செய்வார்கள். ஓடி, விழுந்து, முழங்கால் சிராய்த்து, வியர்வை வழியச் சிரிக்கிற ஒருத்தியை நான் எழுதியதில்லை. நீங்களும் கேட்டதில்லை. அழுகிறவளைத்தான் உங்களுக்கும் பிடித்திருந்தது.

"பந்து சோறு போடுமா?" என்பார்கள். ரயில்வேயில் விளையாட்டால் வேலை பெற்ற பெண்கள் இருக்கிறார்கள், சிலருக்குப் போடும். ஆனால் அந்தக் கேள்வியே தவறு. வீணை சோறு போடுமா என்று எந்தத் தகப்பனும் கேட்பதில்லை. வீணையை வீட்டுக்குள் உட்கார்ந்து வாசிக்கலாம். பந்துக்கு வெளியே போக வேண்டும். ஆட்சேபம் பந்துக்கல்ல, அந்த வெளிக்குத்தான்.

அந்த வல்லத்துப் பெண்ணைப் பிறகு ஒருமுறை செஞ்சி பஸ் நிலையத்தில் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. பஸ் வந்ததும் கூட்டம் முண்டியது. அவள் நின்ற இடத்திலிருந்தே ஒரு துணிப்பையைத் தலைகளுக்கு மேலாக ஜன்னலுக்குள் வீசி இடம் பிடித்தாள். குறி தவறவில்லை. அந்தக் கைக்கு நாம் கொடுத்த ஆட்டம் அவ்வளவுதான்.

ஒரு கூடைப்பந்துக் களத்தின் நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர். சுற்றிலும் இரண்டு மீட்டர் விட்டாலும் பதினைந்து சென்ட் நிலம் போதும். எங்கள் கல்யாண மண்டபங்களில் வண்டி நிறுத்த அதைவிட அதிக இடம் விட்டிருக்கிறோம். ஆகவே, தேசியப் போட்டியில் நம் மாவட்டத்துப் பெண் ஏன் இல்லை என்று யாரும் வியக்க வேண்டாம். இரண்டு கம்பம், இரண்டு வளையம், ஒரு விளக்கு, ஆட்டம் முடிந்தபின் ஊர் போய்ச் சேர ஒரு பஸ், துணைக்குப் போக ஓர் ஆசிரியை. இவ்வளவையும் கொடுத்துவிட்டு, அதன் பிறகும் அவள் வரவில்லையென்றால் அப்போது அவளைக் குறை சொல்லுங்கள்.

செஞ்சிக்கோட்டை 2025-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மகிழ்ச்சிதான். இனி உலகமே வந்து கதை கேட்கும். தீயில் இறங்கியவள் கதையைச் சொல்ல ஆள் இருக்கிறது. களத்தில் இறங்கியவள் கதை ஒன்றும் எங்கள் ஊருக்கு வேண்டும்.