கைப்பக்குவம் என்னும் சாக்கு

கன்னிவாடியில் எங்கள் வீட்டுக்கு வாரம் மூன்று நாள் ஒரு ஆசிரியை வருகிறார். மாணவன் நான்; வயது எழுபத்து மூன்று. பாடம், சமையல். வகுப்புக்கு 200 ரூபாய். சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறேன். தெருவில் சிலருக்கு அது பொறுக்கவில்லை. "சமையல்காரம்மாவப் போய் டீச்சர்ங்கிறீங்களே சார்! காசு குடுத்துப் படிக்கிற விஷயமா இது?" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

முதல் ஆட்சேபணை: "சமையல் சொல்லிக்கொடுத்து வராது, அது பொம்பளைங்க கைப்பக்குவம்." கேட்க அழகாக இருக்கிறது. உண்மையில் இது ஆண்கள் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொண்ட நிரந்தர விடுப்பு விண்ணப்பம். பெண்ணின் கைப்பக்குவம் என்றால், உயர்ந்த சமையலுக்கு நளபாகம், பீமபாகம் என்று ஏன் பெயர் வைத்தார்கள்? இருவரும் ஆண்களாயிற்றே! கல்யாணப் பந்திக்குக் கரண்டி பிடிப்பவரும் ஆண்தான். கூலி உண்டென்றால் அவன் கைக்கும் பக்குவம் வந்துவிடுகிறது.

எஸ். மீனாட்சி அம்மாள் 1951இலேயே 'சமைத்துப் பார்' முதல் பாகத்தை வெளியிட்டார். அளவும் செய்முறையும் அச்சில் ஏறிவிட்டன. எழுதி வைக்க முடிந்ததைக் கற்பிக்கவும் முடியும். என் டீச்சரும் அளவுக்காரர். மதிய உணவுத் திட்ட விதிப்படி தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 100 கிராம் அரிசி, நடுநிலை வகுப்புக்கு 150 கிராம். அங்கே வேலை பார்த்தவர் "கண் அளவு" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இரண்டாவது: "யூடியூப் இருக்கே, சும்மாவே படிக்கலாமே?" யூடியூப்புக்கு மூக்கு கிடையாது. கடுகு வெடித்து அடங்குமுன் உளுத்தம்பருப்பைப் போட நான் கையை ஓங்கினால், "பொறுங்க சார்" என்று அது தடுக்காது. ரசம் நுரைத்து மேலே வரும்போது இறக்க வேண்டும், கொதிக்கவிடக் கூடாது. அந்த அரை நிமிடத்தைக் காட்ட பக்கத்தில் ஒரு மனுஷி நிற்க வேண்டும்.

மூன்றாவது, பென்ஷன்காரர்களின் செல்ல வாதம்: "ஆள் வச்சுக்கலாமே." தாராளமாக. அந்த அம்மா ஒரு நாள் வரவில்லை என்றால்? அடுப்படிக்குப் போவது உங்கள் மனைவி. என் மனைவிக்கு முழங்கால் வலி. அதிகம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அரசு ஊழியனுக்குத் தமிழ்நாட்டில் 60 வயதில் ஓய்வு. அடுப்படிக்கு ஓய்வு வயது நிர்ணயித்த அரசாணை எங்கே இருக்கிறது?

2019ஆம் ஆண்டு தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் நாளுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிடம். அதுவும் ஈடுபட்ட ஆண்களின் கணக்குதான். நூறில் 26 பேர்தான் அந்தப் பக்கமே போயிருக்கிறார்கள்.

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் 'ரெசெத்' என்று ஒரு சொல் உண்டு. சமையல் குறிப்பு என்றும் பொருள், பண வரவு என்றும் பொருள். காலமெல்லாம் வரவு செலவு எழுதிய குமாஸ்தா என்ற முறையில் சொல்கிறேன்: நம் வீடுகளில் சமையலை வரவுப் பக்கத்தில் எழுதியவர் யாருமில்லை. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், இல்லத்தரசியின் உழைப்பும் குடும்பச் சொத்துக்குப் பங்களிப்புதான், அவருக்கும் சம பங்கு உண்டு என்றது. நீதிமன்றத்துக்குத் தெரிந்தது நம் வீட்டுக் கூடத்துக்கு இன்னும் தெரியவில்லை.

சமைக்கத் தெரியாத கிழவன் மனைவி போன மறுமாதமே அடுத்தவர் தட்டைப் பார்த்து வாழ்கிறான். மருமகள் முகம் சுளித்தால் சாப்பாடு இறங்காது. பென்ஷன் புத்தகம் கையில் இருந்தும் பசி அடுத்தவர் கையில். இதை வயோதிகம் என்று சொல்லாதீர்கள். எழுத்தறிவின்மை போல இதுவும் ஒரு கல்லாமை. கணக்கு டியூஷனுக்கு வாய் பேசாமல் பணம் கட்டும் ஊர், இந்தப் பாடத்துக்குக் கொடுத்தால் மட்டும் ஏன் சிரிக்கிறது?

அடுத்த ஓய்வூதியர் கூட்டத்தில் அகவிலைப்படி பற்றிப் பேசி முடித்ததும் இந்தக் கேள்வியையும் வையுங்கள்: இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு ரசம் வைக்கத் தெரியும்?