எரிவதற்கு முன்பே தெரியும்

கார்த்திகை ஞாயிறுகளில் சோளிங்கர் நரசிம்மர் மலையில் கூட்டம் நெரியும். 1,305 படிகளுக்குத் துணையாக 2024-ல் ரோப்காரும் வந்துவிட்டது. மலையில் கயிற்றை இழுப்பது மோட்டார். கீழே வயலுக்கு நீர் இறைப்பது மோட்டார். ராணிப்பேட்டை டேனரிகளில் ஊறிய தோலோடு டிரம்மை உருட்டுவதும் மோட்டார்தான்.

அப்படியொரு மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது எடுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். லைனின் கடைசி வீட்டில் விளக்கு மங்கும். லோ வோல்டேஜ் நீடித்தால், அதே வேலைக்குக் கூடுதல் கரண்ட் எடுத்து பம்ப்செட் சூடேறும், காயில் கருகும். காயில் கட்டும் செலவும், தண்ணீர் பாயாத நாட்களும் விவசாயியின் தலையில் விழும்.

இது விதியல்ல, கணக்கு. டிரான்ஸ்ஃபார்மரின் திறன், கம்பியின் நீளம், தடிமன், எந்தக் கம்பத்தில் எவ்வளவு லோடு என்பதைக் கொடுத்தால், கடைசி வீட்டில் எத்தனை வோல்ட் நிற்கும் என்று கணினி சொல்லிவிடும். மாடியில் சோலார் தகடுகள் பெருகும் தெருவில் நண்பகலில் வோல்டேஜ் உயர்ந்து, மாலையில் சரியும். அந்த ஏற்ற இறக்கத்தையும் மணிவாரியாகப் பார்க்கலாம். அமெரிக்காவின் மின்சக்தி ஆய்வு நிறுவனமான எப்ரி, இதற்கான ‘ஓப்பன்டிஎஸ்எஸ்’ மென்பொருளை 2008-லேயே எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது.

இப்படி மென்பொருளை இலவசமாகத் தரும் வழக்கத்துக்குப் பின்னால் ஓர் ஆசிரியரின் பிடிவாதமும் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர் லாரன்ஸ் நேகல், மின்சுற்றுகளைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் ‘ஸ்பைஸ்’ நிரலை எழுதினார். சிலிக்கானில் செதுக்கிய பிறகு சிப்புக்குள் கைவிட்டுத் திருத்த முடியாதே! 1973-ல் வெளியான அந்த நிரலைப் பூட்டி வைக்கக்கூடாது என்பதில் பேராசிரியர் டொனால்ட் பெடர்சன் உறுதியாக இருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்தது. உலகமே அதில் படித்தது. அதன் வழிவந்த ‘என்ஜிஸ்பைஸ்’தான் மும்பை ஐஐடி உருவாக்கிய ‘ஈசிம்’ மென்பொருளுக்குள் இன்று ஓடுகிறது. அதுவும் இலவசம்.

முன்கூட்டியே கணினியில் ஓட்டிப் பார்ப்பது, பெரிய அளவிலும் இதே கதைதான். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளின் தொகுப்போடு ஒத்திசைந்து இணைந்தது. ஒரு பக்கம் தடுமாறினால் மறுபக்கம் எப்படி ஆடும் என்பதைப் பொறியாளர்கள் கணினியில்தான் ஆட்டிப் பார்க்க முடியும். நாட்டையே இருட்டாக்கிச் சோதிக்க முடியாது.

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கும் அந்த மரியாதை வேண்டும். வேலூர் பாகாயத்தில் தந்தை பெரியார் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் ஒரு மாணவர் தன் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குச் சோளிங்கரின் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளட்டும். கம்பத்துக்குக் கம்பம் தூரத்தை அளக்கலாம். மேலே ஓடுவது ‘வீசல்’ கம்பியா, அதைவிடத் தடித்த ‘ராபிட்’டா என்று லைன்மேனிடம் கேட்டால் அண்ணாந்து பார்த்தே சொல்லிவிடுவார்.