சக்கரத்து உணரியும் கையிலுள்ள மானியும்

கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்துகையில் வாரிய மண்ணைக் கொண்டு உருவாக்கப்பட்ட வெலிங்டன் தீவு, கடல் மட்டத்தினின்றும் மிகச் சிறிதே உயர்ந்து நிற்பது. துறைமுக அலுவலகங்களும், 1957-ல் தோன்றிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையமும், கடற்படையின் விமானத் தளமும் இத்தீவில் உள்ளன. இங்கிருந்து விடியற்காலையில் புறப்படும் அலுவலக மோட்டார் வண்டி, குண்டனூர் வழியே சென்று, கோதமங்கலம், நேரியமங்கலம், அடிமாலி ஆகிய ஊர்களைக் கடந்து, அன்று நண்பகலுக்குள் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றை அடைந்துவிடும். டயர்களின் காற்றழுத்தத்தை அளக்கும் இருவகைச் சாதனங்களை ஒப்பிட்டு நோக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான பாதை கிடைப்பது அரிது.

அவ்விருவகையாவன: சக்கரத்தினுள் வால்வுடன் பொருத்தப்பட்டு, தான் அறிந்த அழுத்தத்தை வானொலி அலை மூலம் ஓட்டுநரின் முகப்புப் பலகைக்கு அனுப்பும் உணரி ஒன்று, வால்வின் வாயில் வைத்து அழுத்திப் பார்க்கும் பழைய கைமானி மற்றொன்று. உணரி வந்துவிட்டமையால் கைமானிக்கு இனி வேலையில்லை எனக் கருதுவோர் பெருகி வருகின்றனர். இரண்டும் இரண்டு பவுண்டு வேறுபடக் கண்டு, உணரி பழுது என்று முடிவு கட்டுவோரும் உளர். இரு சாராருமே கருவியைக் குறை கூறுமுன், அக்கருவி எதை அளக்கிறது என்று கேட்க மறந்துவிடுகின்றனர் என்பது எமது கருத்து.

தீவில் 25 டிகிரி உஷ்ணநிலையுள்ள காலையில், சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு அளவில் காற்றை நிரப்பியதாகக் கொள்வோம். கைமானி காட்டுவது, டயரினுள் உள்ள அழுத்தம் வெளிக் காற்றின் அழுத்தத்தை எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையே. வெளிக் காற்றின் 14.7 பவுண்டையும் சேர்த்தால் உள்ளே இருக்கும் முழு அழுத்தம் 46.7 பவுண்டு. அவ்வண்டி மூணாற்றில் இரவு தங்குகிறது. மறுநாள் விடியலில் அங்கு உஷ்ணநிலை 10 டிகிரி என்போம். வாயு விதிப்படி முழு அழுத்தம் 44.3 பவுண்டாகக் குறைகிறது. ஆயின் அவ்வுயரத்தில் வெளிக் காற்றின் அழுத்தமும் 12.3 பவுண்டாகக் குறைந்திருக்கும். ஆகவே கைமானி மீண்டும் 32 என்றே காட்டும்! குளிர் குறைத்ததை உயரம் ஈடுசெய்துவிட்டது.

உணரியோ இயல்பில் முழு அழுத்தத்தை அளப்பது. அதினின்றும் வெளிக் காற்றின் அழுத்தத்தைக் கழித்தே முகப்புப் பலகையில் எண்ணைக் காட்ட வேண்டும். சில வண்டிகளின் மின்னணு அமைப்பு, அவ்விடத்து வளிமண்டல அழுத்தத்தை அறிந்து கழிக்கிறது. வேறு சிலவற்றில் கடல் மட்டத்து அளவே மாறாமல் கழிக்கப்படுகிறது. பின்னதாயின், மூணாற்றில் அது 29.6 என்று காட்டும். கைமானி 32, உணரி 29.6. இரண்டில் எதுவும் பழுதன்று. கழித்த எண் வேறு, அவ்வளவே. மேனிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாயு விதியைக் கற்பிக்கும்போது இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவார்களாயின், கெல்வின் அளவை ஏன் வேண்டும் என்ற கேள்வியை மாணவர் மீண்டும் கேட்கமாட்டார்.

கைமானியைக் கண்மூடி நம்பலாமோ எனின், அதுவும் கூடாது. முள் உள்ள மானியின் உயிர், 1849-ல் பிரெஞ்சுப் பொறியாளர் யூஜேன் பூர்தோன் உரிமை பெற்ற வளைந்த உலோகக் குழாயாகும். அழுத்தம் ஏறினால் குழாய் சற்றே நிமிரும், முள் நகரும். இதன் பிழை பெரும்பாலும் முழு அளவின் நூற்றுவீதமாகக் கூறப்படுவது. 100 பவுண்டு வரை காட்டும் மானி இரண்டு சதவீதப் பிழை உடையதாயின், 32-ஐ அளக்கும்போதும் அது இரண்டு பவுண்டு தவறலாம். 60 வரை மட்டுமே காட்டும் மானியில் அதே தரத்துப் பிழை ஒரு பவுண்டு சொச்சமே. பெரிய எண்கள் வரை காட்டும் மானியே சிறந்தது என்று எண்ணி வாங்குவது நமது அலுவலகங்களில் சாதாரணம்! 1986-ல் ஐரோப்பிய சமூகம் வகுத்த கட்டளையில், நான்கு பார் வரையிலான டயர் மானிக்கு அனுமதித்த பிழை 0.08 பார், அதாவது ஒரு பவுண்டுக்குச் சற்று மேல். பெட்ரோல் நிலையத்தில் நாள்தோறும் தரையில் விழும் குழாய் மானியிடம் அவ்வளவு நுட்பத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று.

உணரியின் நோக்கமே வேறு. அமெரிக்காவில் டயர்கள் சிதறி வண்டிகள் கவிழ்ந்து பலர் மாண்டதன் விளைவாக 2000-ல் ஒரு சட்டம் பிறந்தது. அதன்வழி வந்த விதி, குறித்த அழுத்தத்தில் கால் பங்கு குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்றது. 32 பவுண்டு உரிய டயர் 24-க்கு இறங்கும் வரை அவ்விதிப்படி விளக்கு எரிய வேண்டிய கட்டாயமில்லை. உணரி ஒரு காவற்காரன், அளவுகாரன் அல்லன். ஓடும்போதே ஆணி தைத்துக் காற்று இறங்குவதைக் கைமானி ஒருபோதும் சொல்லாது, உணரி சொல்லும். அப்பணியில் அதற்கு ஈடில்லை.

ஆனால் அந்த எட்டுப் பவுண்டு இடைவெளி கொச்சியின் மழையில் அற்பமானதன்று. நீர் நிறைந்த தளத்தில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்தை, விமானச் சக்கரங்களைக் கொண்டு ஆராய்ந்த ஹோர்ன், டிரெஹர் என்னும் இருவர் 1963-ல் நாசா வாயிலாக வெளியிட்டனர். பவுண்டு அளவின் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கினால், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் எனக் கிடைக்கும். 32-க்கு அது 94, 24-க்கு 82. மோட்டார் டயருக்கு இது தோராயமே. தேய்ந்த டயராயின் ஏறக்குறைய பொருந்தும். விளக்கு எரியாமலே பன்னிரண்டு கிலோமீட்டர் பாதுகாப்பை இழந்து நிற்கிறோம் என்பதே இதன் பொருள்.

பலகையில் தெரியும் எண் ஒரு புதிய தவற்றுக்கும் இடந்தருகிறது. 27 டிகிரியில் 32 பவுண்டு நிரப்பிய டயர், நெடுஞ்சாலையில் ஓடி 57 டிகிரிக்குச் சூடேறினால், பலகை ஏறத்தாழ 37 என்று காட்டும். ஓட்டுநர் அஞ்சி வண்டியை நிறுத்திக் காற்றை 32-க்குக் குறைக்கிறார். மறுநாள் ஆறிய டயரில் 28 பவுண்டுகூட இராது. விளக்கோ எரியாது. வண்டியின் கதவருகே எழுதப்பட்டுள்ள அளவு ஆறிய டயருக்குரியது என்பதை ஓட்டுநர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இன்னொரு வகை அமைப்பில் அழுத்த உணரியே இல்லை. சக்கரங்களின் சுழற்சி வேகத்தைத் தடை அமைப்பின் கருவிகளிலிருந்து பெற்று, காற்று இறங்கிய சக்கரம் சற்று விரைந்து சுழல்வதைக் கொண்டு ஊகிப்பது அது. காற்று நிரப்பியபின் ஒரு பொத்தானை அழுத்தி, ‘இதுவே சரியான அளவு’ என்று அதற்குக் கற்பிக்க வேண்டும். அவ்வேளையில் 27 பவுண்டு இருந்தால் அது 27-ஐயே சரியென்று ஏற்கும். இதற்குக் கைமானியே ஆசிரியர். கைமானி இல்லாத அலுவலகத்தில் இவ்வமைப்பு எழுத்தறியாதது.

இந்தியாவில் 2020 அக்டோபர் முதல், குழலில்லா டயரும், பழுதுநீக்கும் பசைப் பெட்டியும், அழுத்தக் கண்காணிப்பு அமைப்பும் உடைய மூன்றரை டன் வரையிலான வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று விதி தளர்த்தப்பட்டது. இதில் ஒரு முரண் உண்டு. அப்பசைகளுள் சில, உணரியின் நுண்துளையை அடைத்துவிடக் கூடியவை. நகர வண்டிக்கு இச்சலுகை நல்லதாயிருக்கலாம். மலைச் சாலையில் அலையும் கள அலுவலர் வண்டியில் ஸ்டெப்னி இருக்கவே வேண்டும் என்போம்.

உணரியைத் திறந்து திருத்த இயலாது. அதன் மின்கலம் சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். திருத்தக்கூடியது கைமானியே. ஆகவே ஒவ்வோர் அலுவலகமும் 60 பவுண்டு அளவுள்ள நல்ல மானி ஒன்றை ஆண்டுக்கொரு முறை சோதித்து வைத்திருத்தல் வேண்டும். வாரமொரு முறை, வண்டி புறப்படுமுன், மானியின் எண்ணையும் பலகையின் எண்ணையும் பயணக் குறிப்பேட்டில் அருகருகே எழுதினால் போதும். வேறுபாடு எப்போதும் ஒரே அளவாயிருப்பின் கவலையில்லை. ஒரு சக்கரத்தில் மட்டும் அது மாறத் தொடங்கினால் அந்த உணரியைக் கவனிக்க வேண்டும்.

சோதிக்க வசதியில்லை என்று கூறும் பள்ளிகளுக்கு ஒரு வழி உண்டு. ஒரு மீட்டர் உயர நீர் 1.42 பவுண்டு அழுத்தம் தரும். மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டம் குழாய் வாயிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருக்குமாயின் அங்கு அழுத்தம் 14.2 பவுண்டு. பழைய டயர்க் குழலிலிருந்து வெட்டிய வால்வை ரப்பர்க் குழாயில் இறுகக் கட்டி, குழாயில் சிறிது காற்று அடைபட்டிருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து, மானியை வைத்துப் பாருங்கள். உயரத்தை அளப்பது காற்றடைப்பினுள் நிற்கும் நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் நீர்மட்டம் வரை. தொட்டியின் அடிவரை அன்று.