பேத்தியை எந்தக் காலேஜில் சேர்க்கலாம்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து ஜூன் கடைசி வரை எனக்கு ஓய்வு கிடையாது. ரிடையர் ஆன கிளார்க்குக்கு அப்படி என்ன வேலை என்று கேட்பீர்கள். விண்ணப்பம் பூர்த்தி செய்யத் தெரியும், எந்தச் சான்றிதழை எந்த ஆபீஸில் வாங்குவது என்று தெரியும். இந்த இரண்டும் போதும், பூம்பாறையிலிருந்தும் பண்ணைக்காட்டிலிருந்தும் ஆள் வந்துவிடுகிறார்கள். வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "சார், எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்?"

இதற்கு நான் காலேஜ் பெயர் எதுவும் சொல்வதில்லை. "பிள்ளை மூணாவது வருஷக் கடைசி வரைக்கும் தினமும் போக முடிகிற காலேஜ் எது, அதைச் சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேட்பேன். சமவெளியில் இருப்பவர்களுக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. திண்டுக்கல்லில் ஒரு பஸ் போனால் அடுத்த பஸ். நம் மலையில் அப்படியா? மன்னவனூர், கூக்கால், கவுஞ்சிப் பக்கத்துப் பிள்ளை கொடைக்கானலுக்கு வருவதே பாதி நாள். தாண்டிக்குடிப் பிள்ளைக்குக் கீழே வத்தலக்குண்டு போய் வரவேண்டும். இங்கிருந்து பழனி 64 கிலோமீட்டர் என்று போர்டில் எழுதியிருக்கிறது. அந்த 64-ஐயும் வளைந்து வளைந்து இறங்கினவருக்குத்தான் அதன் நீளம் தெரியும்.

இன்னொன்று பாருங்கள். செமஸ்டர் பரீட்சை வருவது நவம்பரில். நமக்கு வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்குவதும் அப்போதுதான். பாறை உருண்டு, மரம் விழுந்து, காட் ரோடு அடைபடுகிற மாதமும் அதுதான். மேலே வீட்டிலிருந்து கீழே காலேஜுக்கு தினமும் போய் வரலாம் என்று மே மாத வெயிலில் உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. மலைப் பிள்ளை கீழே படிக்கிறது என்றால் ஹாஸ்டல் உண்டா, அது காலேஜ் ஹாஸ்டலா அரசு விடுதியா, சாப்பாட்டுக்கு மாதம் எவ்வளவு, இவற்றை முதலில் கேளுங்கள். காலேஜ் பெயர் அதற்கப்புறம். கலைக் கல்லூரிகளில் படிப்புக் கட்டணத்தைவிடச் சாப்பாடும் பஸ்ஸும்தான் குடும்பத்தைக் கடிக்கும். முதல் வருஷத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்துச் சேர்த்துவிட்டு, இரண்டாம் வருஷம் பணம் இல்லாமல் நிறுத்திய பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி நின்றதில் முக்கால்வாசி பெண் பிள்ளைகள்.

அதைப் பற்றித்தான் இந்த வருஷம் எழுதவேண்டும் என்று நினைத்தேன். போன மாதம் ஒரு பூண்டு விவசாயி வந்தார். மகனும் மகளும் இரட்டைப் பிள்ளைகள், இருவரும் பிளஸ் டூ பாஸ். மகள்தான் அதிக மார்க். "பையனுக்குக் கோயமுத்தூர் பக்கம் இன்ஜினியரிங் பேசிட்டேன் சார், மேனேஜ்மென்ட் கோட்டா. நகையை வைக்கணும். பொண்ணுக்கு என்ன சார், பக்கத்துல ஏதாச்சும் ஒரு டிகிரி போதும்" என்றார். பையனிடம், "தம்பி, இன்ஜினியரிங்கில் உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டேன். அவன் அப்பா முகத்தைப் பார்த்தான். மகள் ஒன்றும் பேசவில்லை. அவள் கையில் கணக்கில் 96 போட்ட மார்க் ஷீட் இருந்தது.

இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் 2021 முதல் தனியாக ஒதுக்கப்படுகிறது. அந்த வழியில் கலந்தாய்வில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. மேனேஜ்மென்ட் கோட்டா பேச வந்த புரோக்கர் சொல்வானா? கணக்கில் 96 வாங்கிய பெண்ணுக்குக் காசில்லாமல் இன்ஜினியரிங் கிடைக்கக்கூடும். வேண்டாம் என்று நினைக்கிற பையனுக்கு நகையை வைத்து இன்ஜினியரிங் வாங்கப் போகிறோம். இதைத்தான் நான் அவரிடம் சொன்னேன், கொஞ்சம் கடுமையாகவே. கலந்தாய்வுக்கு இரண்டு பேர் பெயரையும் பதிவு செய்துவிட்டுப் போனார். என்ன ஆகிறது என்று பார்க்கவேண்டும்.

பக்கத்தில் இருக்கும் காலேஜ் மட்டம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். நம் மனசில் அப்படி ஒரு நினைப்பு இருக்கிறது, அதுவும் தப்பு. அட்டுவம்பட்டியில் இருக்கிற மதர் தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984-இல் ஆரம்பித்தது. தமிழ்நாடு முழுவதிலிருந்தும் பெண்கள் இங்கே ஏறி வந்து படிக்கிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் அது பஸ்ஸில் கடந்து போகிற ஒரு கட்டடம். கொடைக்கானல் மலைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதற்கு முன்நின்று வேலை செய்தது அந்தப் பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறைதான். பூண்டு விவசாயியின் மகள் அங்கே உயிரித் தொழில்நுட்பம் படித்தால் அது "ஏதாச்சும் ஒரு டிகிரி" ஆகுமா? கீழே இறங்கினால் பழனியாண்டவர் பெயரில் தேவஸ்தானமே கலைக் கல்லூரி, பெண்கள் கல்லூரி, பாலிடெக்னிக் எல்லாம் நடத்துகிறது. 2021-இல் ஒட்டன்சத்திரத்திலும் ஒரு கல்லூரி வந்தது. நாம் உண்டியலில் போட்ட காசு, நம் பிள்ளைகள் போய்ப் படிக்கட்டும். காந்திகிராமம் 1956 முதல் கிராமத்துப் பிள்ளைகளுக்காகவே நடக்கிற கல்வி நிலையம். விவசாயம், கூட்டுறவு, கிராம வளர்ச்சி என்று அங்கே இருக்கும் பாடங்கள் எல்லா இடத்திலும் கிடைக்காது.

ஆக, முதலில் பாடம், பிறகு பாதை, கடைசியில்தான் பெயர். பாடம் முடிவானதும் காலேஜை நேரில் போய்ப் பாருங்கள். அட்மிஷன் நடக்கிற நாளில் போகாதீர்கள், அன்றைக்குக் கோலம் போட்டு வைத்திருப்பார்கள். சாதாரண வேலை நாளில், மத்தியானம் மூன்று மணிக்குப் போங்கள். லைப்ரரி திறந்திருக்கிறதா, உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்களா? லேபில் பாட்டில் மேல் தூசி இருக்கிறதா? நீங்கள் சேர்க்கப்போகிற துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர்? (கௌரவ விரிவுரையாளர்கள் நன்றாக நடத்த மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. பலர் உயிரைக் கொடுத்து நடத்துகிறார்கள். வருஷா வருஷம் ஆள் மாறினால் பிள்ளைக்குச் சந்தேகம் கேட்க ஆள் இருக்காது, அவ்வளவுதான்.) வெளியே டீக்கடையில் நிற்கிற இரண்டாம் வருஷப் பிள்ளையைக் கேளுங்கள். முதல் வருஷத்துப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, மூன்றாம் வருஷத்துக்கு எல்லாம் வெறுத்துப் போயிருக்கும்.

சேர்ந்த பிறகு வருகிற முதல் கஷ்டம் பாஷை. பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்த பிள்ளை ஒரு ஜூலை மாதம் திடீரென்று ஆங்கில வகுப்பில் போய் உட்காருகிறது. அந்தப் பிள்ளையின் முழியை எனக்கு நன்றாகத் தெரியும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து வந்தவன். ப்ரவே பாஸ் செய்துவிட்டு ஆங்கிலத்தில் நடக்கிற வகுப்பில் உட்கார்ந்தபோது வாத்தியார் சொன்ன ஜோக்குக்கு எல்லோரும் சிரித்த பிறகு சிரிப்பேன். எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் தினமும் 'திக்தே' உண்டு. வாத்தியார் ஒரு பத்தியை நிறுத்தி நிறுத்தி வாசிப்பார், நாங்கள் எழுதவேண்டும், பிறகு புத்தகத்தைப் பார்த்துத் தப்பைத் திருத்தவேண்டும். ஆங்கிலத்துக்கும் அதையே செய்தேன். ரூம்மேட் பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம் வாசிப்பான், நான் எழுதுவேன். ஆறு மாதம். அதற்கப்புறம் வகுப்பு காதில் ஏற ஆரம்பித்தது. ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள், ஒரு பைசா செலவில்லை. பாடத்தை முதலில் பிளஸ் டூ தமிழ்ப் புத்தகத்தில் ஒரு முறை படித்துவிட்டு ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் பாதி புரிந்துவிடும். அதனால் அந்தப் பழைய புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட வேண்டாம்.

தமிழ் வழியிலேயே பட்டம் படிக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் படிக்கலாம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமைக்கு 2010-லேயே சட்டம் வந்துவிட்டது. பட்டம் கேட்கிற வேலை என்றால் பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியாக இருக்கவேண்டும். பள்ளி முழுதும் தமிழில் படித்துவிட்டு டிகிரியை மட்டும் ஆங்கிலத்தில் படித்தால் அந்த வேலைகளுக்கு இந்தச் சலுகை போய்விடும். வேண்டாம் என்று விடுவதானால் தெரிந்து விடுங்கள்.

அரசு வேலை என்றதும் ஒன்று சொல்லவேண்டும். "டிகிரி எதுவானால் என்ன சார், குரூப் டூ எழுதினால் போச்சு" என்று சொல்லி, சேர்ந்த முதல் மாதமே பிள்ளையைக் கோச்சிங் சென்டருக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைல் எழுதினவன் சொல்கிறேன், பரீட்சை பாஸ் செய்து வந்து ஒரு குறிப்பு எழுதத் தெரியாமல் திணறின இளைஞர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். மூன்று வருஷம் ஒரு பாடத்தை ஒழுங்காகப் படித்தவனுக்கு எழுத வரும்.

ஒழுங்காகப் படிப்பது என்றால் வகுப்போடு முடிவதல்ல. நம் மலையில் படிக்கிற பிள்ளைகளுக்கு இருக்கிற வசதி பெரிய நகரத்துப் பிள்ளைகளுக்கு இல்லை. இங்கே 1899-இல் அமைந்த சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு எப்படி ஓடுகிறது என்பதை 1909-இல் எவர்ஷெட் கண்டுபிடித்தது இதே மலையில்தான். உலகம் முழுக்க இயற்பியல் புத்தகத்தில் அது எவர்ஷெட் விளைவு. கொடைக்கானலில் பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு அந்த ஆய்வகத்துப் படியேறாத பிள்ளை ஒருத்தியைச் சந்தித்தேன். எனக்குத் தாங்கவில்லை. தாவரவியல் படிக்கிறவர்கள் செண்பகனூர் அருங்காட்சியகத்தைப் பார்க்கட்டும். இந்த மலையின் செடிகளை வரைந்து வரைந்தே வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் செண்பகனூரில் இருந்தார். இங்கே எல்லோரும் ஆங்கிலேட் என்கிறார்கள், பிரெஞ்சில் அது ஆங்லாத். பழனி மலைத் தாவரங்களைப் பற்றி பாதிரியார் கே.எம். மேத்யூ எழுதிய பெரிய நூல் 1999-இல் வந்தது. அதைத் தேடிப் பிடித்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற செடிக்குப் பெயர் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டுப் பண்ணை, தாண்டிக்குடியில் காபி ஆராய்ச்சி நிலையம், கொடைக்கானலில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் என்று எல்லாம் நம் கைக்கெட்டும் தூரத்தில். துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் யாரும் துரத்த மாட்டார்கள்.

இனி என் பழைய தொழில். சான்றிதழ்களுக்கு ரிசல்ட் வரும் வரை காத்திருக்காதீர்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று, எல்லாவற்றையும் இ-சேவை மையத்தில் மார்ச் மாதமே போட்டுவிடுங்கள். பளியர் குடும்பங்கள் கவனிக்கவேண்டும், பழங்குடியினருக்குச் சாதிச் சான்று தருவது தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். விசாரணைக்கு நாள் பிடிக்கும், அதனால் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே ஆரம்பியுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் 2022 முதல் வருகிறது, பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-இல் வந்தது. ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரிலேயே இருக்கட்டும்.

காலேஜில் ஒரிஜினல் கேட்பார்கள். சரிபார்க்கக் காட்டுங்கள், ஜெராக்ஸ் கொடுங்கள், ஒரிஜினலைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள். ஒரிஜினலைக் காலேஜ் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்து என் வீட்டில் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் வந்து ஒரு காப்பி வாங்கிக்கொண்டு போங்கள். காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன்னால் எனக்குக் குளிர்.