கார் 4,000 கி.மீ. தான் ஓடியிருக்கு... இப்பவே ஆயில் மாத்தணுமா?

வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், மீதி நாள் வீட்டிலிருந்தே வேலை. இப்படி ஓடும் பல கார்களில் ஒரு வருஷம் முடியும்போது ஓடோமீட்டர் 4,000 கிலோமீட்டரைக்கூட தொட்டிருக்காது. சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வரும். 'இன்னும் பாதிகூட ஓடல, 10,000 வரட்டும், பாத்துக்கலாம்' என்று பலரும் தள்ளிப்போடுகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்ஜின் ஆயில் விஷயத்தில், குறைவாக ஓடும் காரைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் விற்கும் பெரும்பாலான பெட்ரோல் கார்களின் மேனுவலில் இருப்பது இதுதான்: 10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது. சில கம்பெனிகள் 15,000 கி.மீ. வரை அனுமதிக்கின்றன. ஆனால் அங்கேயும் ஒரு வருஷக் கணக்கு உண்டு. நாம் கிலோமீட்டரை மட்டும் படித்துவிட்டு 'எது முதலில் வருகிறதோ' என்பதை விட்டுவிடுகிறோம்.

சும்மா நிற்கும் காரில் ஆயில் எப்படிக் கெடும்?

நின்றுகொண்டே இருப்பதைவிட, கொஞ்சமாக ஓடி ஓடி நிற்பதுதான் பெரிய பிரச்னை. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகும். பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கீழே ஆயில் இருக்கும் சம்ப்புக்கு இறங்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலும் கூடுதலாகத் தெளிக்கப்படும், அதில் எரியாத மிச்சமும் அதே வழியில் ஆயிலில் கலக்கும்.

காரை அரை மணி நேரம் ஓட்டினால் ஆயில் நன்றாகச் சூடாகி, இந்தத் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறிவிடும். மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் வந்தால்? டாஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்திருக்கலாம். அது காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. ஆயில் சூடாக அதைவிட அதிக நேரம் எடுக்கும். அதற்குள் கார் வீட்டு கேட்டுக்குள் வந்துவிடுகிறது, ஈரமும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. நாளடைவில் அமிலம் சேர்கிறது. அதைச் சமாளிக்க ஆயிலில் போட்டிருக்கும் ரசாயனங்கள் தீர்ந்துபோகின்றன. அதற்கு மேலும் மாற்றாமல் விட்டால் இன்ஜினுக்குள் கருப்பு மெழுகு மாதிரி கசடு படியும். ஆயில் போகும் மெல்லிய வழிகளை அடைப்பது அந்தக் கசடுதான். ஐந்து வருஷ இஎம்ஐயில் வாங்கிய கார், இஎம்ஐ முடிவதற்குள் இன்ஜினைப் பிரிக்கும் நிலைக்கு வருவது இப்படியும் நடக்கும்.

டிராஃபிக் இன்னொரு கணக்கு. ஹைவேயில் சராசரியாக 50 கி.மீ. வேகத்தில் போனால் 10,000 கி.மீ.க்கு இன்ஜின் 200 மணி நேரம் ஓடியிருக்கும். அதே தூரத்தை ஓஎம்ஆர் சிக்னல்களில் 15 கி.மீ. சராசரியில் கடந்தால் சுமார் 670 மணி நேரம். இரண்டு காரிலும் ஓடோமீட்டர் ஒரே எண்ணைத்தான் காட்டும். அதனால்தான் பல மேனுவல்களில் 'கடினமான பயன்பாடு' என்று தனிப் பட்டியல் இருக்கிறது. புழுதி, குறுந்தூர ஓட்டம், நின்று நின்று போகும் டிராஃபிக் எல்லாம் அதில் வரும். இதற்குச் சீக்கிரமே ஆயிலை மாற்றச் சொல்வார்கள். நகரத்து கார்களில் பாதிக்கு மேல் இந்தப் பட்டியலில்தான் வரும் போலிருக்கிறது.

அதற்காக எல்லா காருக்கும் '5,000 ஆனா மாத்திடணும்' என்று அர்த்தமில்லை. அது மினரல் ஆயில் காலத்துப் பழக்கம்.

'நம்ம ஊர் வெயிலுக்கு கெட்டி ஆயில் ஊத்துங்க'

தெருமுனை மெக்கானிக் அண்ணன் அக்கறையோடுதான் சொல்வார். ஆனால் புது இன்ஜின்களுக்கு இது பொருந்தாது. 5டபிள்யூ-30 என்று டப்பாவில் இருந்தால், டபிள்யூ என்பது விண்டர், அதாவது குளிர்காலம். முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. பின்னால் இருக்கும் 30, ஆயில் 100 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது அதன் கெட்டித்தன்மைக்கான கிரேடு. வேலூரில் 42 டிகிரி வெயில் அடித்தாலும் ஊட்டியில் 10 டிகிரி குளிர் இருந்தாலும், நன்றாகச் சூடான இன்ஜினுக்குள் ஆயில் ஏறக்குறைய அந்த 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்.

இன்றைய சின்ன பெட்ரோல் இன்ஜின்கள் பல 0டபிள்யூ-20 மாதிரி மெல்லிய ஆயிலுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. வால்வு டைமிங்கை மாற்றுவதுகூட ஆயில் பிரஷரை வைத்துத்தான். அதில் 20டபிள்யூ-50 ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மேலே ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும், மைலேஜும் குறையும். மேனுவலில் ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடு இருந்தால் அதற்குள் தேர்வு செய்யலாம். வெளியே போக வேண்டாம்.

மினரலா, செமி சிந்தெடிக்கா, ஃபுல் சிந்தெடிக்கா? 0டபிள்யூ-20 என்றாலே அது பெரும்பாலும் சிந்தெடிக்தான், அங்கே கேள்வியே இல்லை. டர்போ இன்ஜினுக்கும் ஃபுல் சிந்தெடிக்தான் சரி, ஏனென்றால் டர்போவின் சூடு அப்படி. டர்போ பெட்ரோலுக்கு ஏபிஐ எஸ்பி என்ற குறியீடும் முக்கியம். 2020-ல் வந்த இந்தத் தரம், குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே பற்றி பிஸ்டனை உடைக்கும் சிக்கலையும் கணக்கில் எடுத்தது. பிஎஸ்6 டீசல் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். புகையை வடிகட்டும் டிபிஎஃப் அடைக்காமல் இருக்க, சாம்பல் குறைவான ஆயில் தேவை. மேனுவலில் ஏசிஇஏ சி2, சி3 என்று இருந்தால் டப்பாவிலும் அதே இருக்க வேண்டும். விலை அதிகமான ஆயில் ஊற்றிவிட்டோம் என்பதற்காக ஒரு வருஷத்தை இரண்டாக்குவது மட்டும் வேண்டாம்.

ஆயில் கருப்பாகிவிட்டது என்பது மட்டுமே மாற்றக் காரணமில்லை, டீசலில் சில நாளிலேயே கருத்துவிடும். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால்தான் பயப்பட வேண்டும், தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கலாம். டிசம்பர் வெள்ளத்தில் கார் மூழ்கியிருந்தால் 'ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்' என்பது கூடவே கூடாது. முதலில் ஆயிலைச் சோதிக்க வேண்டும், தண்ணீர் இருந்தால் வடித்துவிட வேண்டும்.

சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டைப் படித்துப் பாருங்கள். இன்ஜின் ஃப்ளஷ், ஆயில் அடிட்டிவ் என்று சில வரிகள் சேர்ந்திருக்கும். மேனுவலின் பராமரிப்பு அட்டவணையில் அவை இல்லையென்றால் 'வேண்டாம்' என்று தாராளமாகச் சொல்லலாம். ஆயில் ஃபில்டர் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக மாற வேண்டும். பில்லில் வெறும் 'இன்ஜின் ஆயில்' என்று இருந்தால் கிரேடையும் எத்தனை லிட்டர் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள், வாரன்டி கேட்கும் நாளில் அந்தத் தாள் உதவும். வெளியே மெக்கானிக்கிடம் கொடுப்பதாக இருந்தால் டப்பாவை நீங்களே வாங்கிப் போங்கள், சீல் உங்கள் முன்னால் உடையட்டும். காலி டப்பாவை ஓட்டை போட்டுவிட்டு வருவது நல்லது, போலி ஆயில் நிரப்புகிறவர்கள் தேடுவது அந்த டப்பாவைத்தான்.