மலை ரயில் யாருடைய சொத்து?

நீலகிரி மலை ரயிலைப் பற்றிப் பேசுவோர் அதன் அழகைப் பாடுகிறார்கள். 46 கிலோமீட்டர் பாதை, 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள் என்று அடுக்குகிறார்கள். அழகுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த ரயிலுக்கு உயிர் கொடுத்த கைகள் எவை? அதை நாம் கேட்டாக வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899ல் பாதை திறக்கப்பட்டது. 1908ல் உதகையை எட்டியது. சென்னை வெயிலைத் தாங்கமாட்டாமல் கோடைதோறும் மலையேறிய வெள்ளைக்கார ஆட்சிக்கு அது வசதி. பாறையைப் பிளந்தவன், மண் சுமந்தவன் ஏழைத் தொழிலாளி!

கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏறத்தாழ 12 அடி போனால் ஓர் அடி உயரும் ஏற்றம். சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கும். ஆகவே பாதையின் நடுவே பல் தண்டவாளம்; எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்து, பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது. விசில் ஒலிக்குக் காது கொடுத்துப் பெட்டிதோறும் பிரேக் பிடிக்கிறான் தொழிலாளி. அவன் கை தவறினால் அத்தனை உயிரும் ஆபத்தில்!

சுவிட்சர்லாந்திலிருந்து வந்த எஞ்சின்கள் கிழடு தட்டின. "இனி நீராவி எதற்கு?" என்று கைகழுவியிருக்கலாம். அவ்வாறு நடக்கவில்லை. திருச்சியை அடுத்த பொன்மலைப் பணிமனையின் தொழிலாளர்கள், எண்ணெயில் எரியும் புதிய நீராவி எஞ்சினை 2011ல் செய்து தந்தார்கள். 2021ல் நிலக்கரி எஞ்சினையும் செய்து காட்டினார்கள். சீமையில் செய்த பொருளை நம் தொழிலாளி செய்துவிட்டான்!

எந்தப் பொன்மலை? 1928ல் ஆட்குறைப்பை எதிர்த்துத் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தில் முன்னின்ற பொன்மலை. தலைமை தாங்கிய சிங்காரவேலர் அதற்காகச் சிறை புகுந்தார். 1946 செப்டம்பர் 5ல் போலீஸ் துப்பாக்கிக்கு ஐந்து தோழர்களைப் பலி கொடுத்த பொன்மலை!

2005ல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பெருமை வந்தது, பின்னாலேயே வியாபாரக் கண்ணும் வந்தது. 2020 டிசம்பரில், கொரோனாவால் வழக்கமான ரயில் நின்றிருந்த வேளையில், ஒரு தனியார் நிறுவனம் அதை வாடகைக்கு எடுத்து 3,000 ரூபாய் கட்டணத்தில் ஓட்டியது. எதிர்ப்பு கிளம்பியதும், "தனியார்மயம் அல்ல, வாடகைதான்" என்றது ரயில்வே. இருக்கட்டும். ஆனால் ஏழையின் குழந்தை ஏற முடியாத ரயில் எந்தப் பாரம்பரியம்?

பழைய இரும்பு மட்டும் பாரம்பரியம் அல்ல. அதைப் புதுப்பிக்கத் தெரிந்த கையும், அதில் ஏறும் சாமானியனின் உரிமையும் சேர்ந்ததே பாரம்பரியம். பொன்மலையில் ஓய்வுபெறும் ஒவ்வொரு தொழிலாளியின் இடத்திலும் நிரந்தர வேலையில் இளைஞன் ஒருவன் அமர வேண்டும். தொழில் நுணுக்கம் கைமாற வேண்டும். மலை ரயிலின் கட்டணம் ஏழைக்கு எட்ட வேண்டும்.

இதை நாம் சலுகையாகக் கேட்கவில்லை. உழைத்தவனின் உரிமையாகக் கேட்கிறோம்!